மேசையில் யார் யார் கை

என் மனைவி ஜான்சியை யார் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போக எனக்குக் கூச்சமாக இருக்கும். தப்பாக நினைக்காதீர்கள், பழக்கத்தில் தங்கம். ஆனால் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். முதலில் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பாள். டைனிங் டேபிள் இருக்கிற வீடு என்றால் தொலைந்தது. வீட்டுக்கார அம்மா காபி போட்டு எடுத்து வருவதற்குள் இவள் டேபிளுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "யோவ், போன்ல லைட் அடி. ஆணியே இல்லாம மாட்டிகீறான்யா!" என்று அங்கிருந்து கத்துவாள். காபி டம்ளரோடு நிற்கிற அந்த அம்மாவைப் பார்த்து நான் பல்லைக் காட்டுவேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

என் பெயர் அன்பு. தாம்பரத்துக்குக் கிழக்கே அகரம்தென் பக்கம் வீடு. கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். ஜான்சிக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை. வெளிநாட்டிலிருந்து மெஷின் பாகங்கள் வருகிற மரப்பெட்டிகளைப் பிரித்துக் கொடுக்கிற பிரிவு. பெட்டி எல்லாம் பைன் மரம். பாகம் உள்ளே போகும், மரம் காயலான்கடை வழியாக விறகுக்குப் போகும். ஒரு நாள் அந்தப் பலகையில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்திருக்கிறாள். "இன்னா வாசனை தெரியுமா? இத்த போய் அடுப்புக்குப் போட்றாங்கய்யா, பாவிங்க!" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சண்டை பிடித்தாள், என்னவோ நான்தான் அடுப்பு மூட்டினது மாதிரி.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். சூப்பர்வைசரிடம் சொல்லி உடைந்த பலகைகளை வாங்கி, கூடைக்காரர்கள் ஏறுகிற ரயில் பெட்டியில் ஏற்றித் தாம்பரம் கொண்டு வந்துவிடுவாள். ஸ்டேஷனுக்கு வெளியே நான் வேனோடு நிற்க வேண்டும். போலீஸ்காரர் வண்டியைத் தட்டி விரட்டுவார். நான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதற்குள் இவள் நடுரோட்டில் பலகைக் கட்டோடு நின்றுகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றதுதான். அறுப்பது, இழைப்பது, மூட்டுப் பிடிப்பது எல்லாம் சீக்கிரமே கைவந்துவிட்டது. எங்கள் வீட்டில் எந்தக் காலும் ஆடாது. சாயம்தான் அவளுக்கு எமன். மரத்துக்கென்று ஸ்டெய்ன் விற்கிறார்கள். பெயின்ட் மாதிரி மேலே மூடாது, உள்ளே இறங்கி நிறம் கொடுக்கும், மரத்தின் கோடுகள் அப்படியே தெரியும். இறங்கினால் அழகுதான். பைன் மரத்தில் அது தன் இஷ்டத்துக்கு இறங்கும். ஒரு இடத்தில் மடமடவென்று குடிக்கும், பக்கத்திலேயே துப்பும். எங்கள் டிவி ஸ்டாண்ட் ஒரு பக்கம் தேன் நிறம், இன்னொரு பக்கம் தீய்ந்துபோன தோசை. செருப்பு ஸ்டாண்டில் சாயத் துணி நின்ற இடத்தில் எல்லாம் பட்டை பட்டையாகக் கோடு. ஸ்டூல் கதை வேறு. அதன் வார்னிஷ் காய்வதற்கு முன்னால் நான் உட்கார்ந்துவிட்டேன். டியூட்டிக்கு நேரமாச்சு என்று எழுந்தால் ஸ்டூலும் கூடவே எழுந்தது.

"உக்காராதன்னு சொன்னேனா இல்லியா?" என்றாள்.

"ஸ்டூல வேற இன்னாத்துக்குடி செய்வாங்க?" என்றேன். அவள் சுத்தியலை எடுத்தாள், நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபை சின்னது. போன வருஷம் வரை தகரக் கொட்டகை. இந்த வருஷம் கான்கிரீட் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை என்று முடிவாகிவிட்டது. எல்லாம் தயார், முன்னால் போடுகிற திருவிருந்து மேசை மட்டும் இல்லை. அப்பமும் பாத்திரமும் வைத்து, வருஷக்கணக்காகச் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிற மேசை. சபையின் மூப்பர் சுகுமார் அண்ணா ஒரு கடையில் மேசை பார்த்து வைத்துவிட்டார். சிங்கப் பாதம் செதுக்கிய கால், மேலே கண்ணாடி. அந்தப் போட்டோவைக் கமிட்டிக் கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டினார். போன் கைமாறிக் கைமாறி ஜான்சியிடம் வந்தது. விரலால் இழுத்துப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

எழுந்து நின்றாள். "அண்ணா, மேசைய நான் செய்றேங்ணா."

யாரோ சிரித்தார்கள். சுகுமார் அண்ணா நல்ல மனிதர். கட்டடத்துக்காக வெயிலில் அலைந்து அலைந்து கறுத்துப்போனவர். பொறுமையாகத்தான் சொன்னார்: "அம்மாடி, இது செருப்பு ஸ்டாண்ட் இல்லம்மா, கர்த்தரோட மேசை. வெளியூர் பாஸ்டருங்கல்லாம் வர்றாங்க. தச்சு வேலை தெரிஞ்சவங்க செஞ்சாதான் லட்சணமா இருக்கும்."

"கர்த்தரே தச்சர் வூட்ல வளந்தவர்தானேண்ணா" என்றாள் ஜான்சி.

கொல்லென்று சபை சிரித்துவிட்டது. எங்கள் போதகர் ஜெபராஜ் பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சுகுமார் அண்ணா சிரிக்கவில்லை. "சரி. செய். சனிக்கெழம சாய்ங்காலம் நானே வந்து பாக்கறேன். சரியில்லன்னா கடை மேசைதான். எடுத்து வைக்கச் சொல்லிகிறேன்" என்றார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் கால் தரையில் படவில்லை. "யோவ், சொல்ட்டேன்ல? எல்லார் முன்னாடியும் சொல்ட்டேன்ல?" என்று என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தாள். அப்புறம் திடீரென்று குரல் இறங்கிவிட்டது. "நான் செஞ்சதெல்லாம் நம்ம வூட்டுக்குள்ளயே கெடக்குதுய்யா. ஒண்ணாவது நாலு பேர் முன்னாடி நிக்கட்டுமே" என்றாள். எனக்கும் அது வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேசை வந்தது பாருங்கள், அதைச் சொல்ல எனக்கு வாய் போதாது. அகலமான மேல்பலகை, எங்கே ஒட்டினாள் என்று நகத்தை வைத்துத் தேடினாலும் தெரியாது. கால் நான்கும் நேராக, எந்த அலங்காரமும் இல்லாமல் கம்பீரமாக நின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தை வைத்துப் படுக்கலாம் போல ஆக்கிவிட்டாள். நான் வைத்தும் பார்த்தேன். தலையில் எண்ணெய் இருக்கிறது, எழுந்திரு என்று துரத்தினாள்.

புதன்கிழமை எங்கள் வீட்டில் ஜெபம். முறை வைத்து ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீட்டில் நடக்கும். சுகுமார் அண்ணா மட்டும் வரவில்லை. "மேசைய முடிக்கட்டும், அப்புறம் அதுக்கு ஜெபிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மற்ற எல்லாரும் வந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஜெபராஜ் பாஸ்டர் வெள்ளை வெளேரென்று நின்ற மேசையைப் பார்த்து, "கை வெச்சு ஜெபிப்போம்" என்றார். அவர் பையில் எப்போதும் ஒரு சின்னக் குப்பி எண்ணெய் இருக்கும். புது வண்டி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை, பக்கத்துத் தெரு பாட்டியின் முழங்கால், எதையும் விட மாட்டார். ஆளுக்கொரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டார். தேய்த்துக்கொண்டு எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று கையை வைத்தோம். ஜாஸ்மின் அக்கா தன் கைக்குழந்தை ஓவியாவைத் தூக்கி அதன் கையையும் வைத்தாள். பாஸ்டர் உருக்கமாக, நீளமாக ஜெபித்தார். ஜான்சி கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான். இத்தனை பேர் தான் செய்த பொருள் மேல் கை வைத்து நிற்பதை அவள் கனவிலும் பார்த்ததில்லை.

அந்த எண்ணெய் சாயம் ஏறாத வெறும் மரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டுமே. ம்ஹூம்! ஆமென் சொன்னோம், பஜ்ஜி சாப்பிட்டோம், கலைந்துபோனோம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்டெய்ன் டப்பாவைத் திறந்தாள். இந்த முறை புத்திசாலித்தனமாக ஒரு துண்டுப் பலகையில் முதலில் அடித்துப் பார்த்தாள். அருமையான நிறம், காபித்தூளும் தேனும் கலந்த மாதிரி. கால்களுக்கு அடித்தாள். ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. காலை ட்ரிப் முடித்துவிட்டு நான் உள்ளே நுழையும்போது வீடு பூராவும் அவள் பாட்டுதான். "யோவ் பாருய்யா! துப்பல! ஒரு இடத்துலகூட துப்பலய்யா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் குஷி தாங்கவில்லை. நீ மேல்பலகையை அடி, நான் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன்.

பால் பொங்குவதற்குள் ஒரு அலறல்.

"கை! கைய்யா! கை வருது!"

கையில்தான் ஏதோ பட்டுவிட்டது என்று பதறி ஓடினேன். அவள் கைக்கு ஒன்றும் இல்லை. துணியைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்கிறாள். மேசை மேல், பழுப்பு நிறத்துக்கு நடுவே, வெளுப்பாக ஒரு முழு உள்ளங்கை. அஞ்சு விரலும் ரேகையும் அச்சடித்த மாதிரி. அவள் துணியைத் தள்ளத் தள்ள பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எண்ணெய் பட்ட இடத்தில் ஸ்டெய்ன் ஒட்டவே இல்லை. சுற்றி ஓரமெல்லாம் கைகள், குறுக்கும் நெடுக்குமாக.

"ஜெபத்துல வெச்ச எண்ணய்யா" என்றாள் மெதுவாக. பிறகு மெதுவாக எல்லாம் இல்லை. தெருவே அதிர்ந்தது. "பெட்ஷீட்டு போட்டு மூடி வெச்சிருக்கணும்! கை வைங்கன்னா எல்லாரும் வெச்சிருவீங்களா? உனக்கு அறிவு வேணாம்?"

"நீயும்தானே வெச்ச!"

"நான் அழுதுகினு இருந்தேன்யா!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சரசக்கா எட்டிப் பார்த்தாள். அவள் மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிறவள். மேசையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடி ஜான்சி! உங்க சாமி வந்து கைய வெச்சுட்டுப் போய்கிறார்டி!" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கும் சேதி சொல்லப் புறப்பட்டாள். ஜான்சி ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, உன் கால்ல உழறேன். சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, எண்ணக்கா அது, எண்ண!"

"எண்ணயில அஞ்சு விரலா வரும்?" என்று சரசக்கா நம்பவே இல்லை.

பாஸ்டருக்குப் போன் போட்டாள். "பாஸ்டர், ஸ்தோத்திரம். உங்க கை நடு மேசையில கீது பாஸ்டர்" என்றாள். விவரம் புரிந்ததும் மனிதர் சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "அழிச்சுரும்மா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார் இருமலுக்கு நடுவே.

அழிப்பதுதான் எப்படி? தின்னர் போட்டுத் துடைத்தால் எண்ணெய் போகும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். எந்தக் கையில் முதலில் சோதித்துப் பார்ப்பது? ஜான்சி யோசிக்கவே இல்லை.

"உன்து எங்க?" என்றாள்.

"ஏன், என்துதான் கெடச்சுதா?"

"உன் கைதானே, போனாப் போவுது."

என் கையில் தின்னர் ஊற்றித் துடைத்தாள். எண்ணெய் போகவில்லை, பரவியது. விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, கை இருந்த இடத்தில் ஒரு மொத்தமான வெள்ளைத் திட்டு. உப்புத்தாள் போட்டு அந்த இடத்தை அடிமரம் தெரியத் தேய்த்துத்தான் எண்ணெயை வெளியேற்ற முடிந்தது. ஒரு கைக்கே அன்றைய பொழுது போய்விட்டது. மேசை முழுக்கத் தேய்ப்பதென்றால் இன்னும் ஒரு வாரம் வேண்டும். ஸ்டெய்ன் துணியைத் தூக்கி வீசிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "எப்டியும் மேல வெள்ளத் துணி விரிக்கப் போறாங்க. யாருக்குடி தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள். முகம் வீங்கியிருந்தது. "அந்த சிங்கக்கால் மேசைதான்யா நாளிக்கு. நான் எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னதுதான் மிச்சம்." எப்போதும் திட்டுகிறவள் திட்டாமல் பேசினால் என்னால் தாங்க முடியாது.

சாயங்காலம் சுகுமார் அண்ணாவின் பைக் சத்தம் கேட்டது. நான் அவசரமாகக் கட்டில் மேலிருந்த போர்வையை எடுத்து மேசை மேல் போட்டேன். ஜான்சி வந்து ஒரே இழுப்பில் உருவிவிட்டாள். "பாக்க வந்தவரு பாக்கட்டும்" என்றாள்.

சுகுமார் அண்ணா உள்ளே வந்தார். முதலில் குனிந்து கால்களைப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. நிமிர்ந்தார். மேல்பலகை மேல் கண் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது?"

ஜான்சி ஒளிக்கவில்லை. எண்ணெயையும், ஜெபத்தையும், தின்னரையும், எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "தப்பாப் பூட்சிண்ணா. கடை மேசையே எடுத்துனு வந்துருங்க" என்றாள்.

அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது பொன்னுசாமி" என்றார். ஆமாம், ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. அவர் பிரஸ் மெஷினில் விட்ட விரல். "இது இன்னா, இத்துனூண்டு? ஜாஸ்மின் குழந்தையா?" என்று சிரித்தார். பிறகு மேசையைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு கையாகப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். கல்யாண போட்டோவில் ஆள் தேடுகிற மாதிரி அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. "இந்தக் கோணக் கட்ட விரல் யாரு? ஆங், தீபலட்சுமி! இது பாஸ்டர், வேற யாருக்கு இவ்ளோ பெரிய கை?" என்று குழந்தை மாதிரிக் குதூகலித்தார். நானும் ஜான்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுற்றி முடித்தார். இன்னொரு தடவை சுற்றினார். இந்தத் தடவை பெயர் எதுவும் சொல்லவில்லை. நின்றார்.

"என்து எங்க?" என்றார்.

"நீங்க புதன்கெழம வரலியேண்ணா" என்றாள் ஜான்சி.

அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. சபைக்கு முதல் செங்கல் எடுத்து வைத்த மனிதர் அவர். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "எல்லார் கையும் கீது. என் கை மட்டும் இல்லியேம்மா" என்றார்.

ஜான்சி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அந்தக் கண்ணில் ஏறிய வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "அண்ணா, பைக் சாவிய கீழ வைங்க. மோதிரத்த கழட்டுங்க. கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க!" என்று அதட்டினாள். எனக்கு ஒரு உதை. "யோவ், அடுப்படில தேங்காண்ண எடுத்துனு வா!"

என் கை இருந்த இடம் வெறும் மரமாகக் கிடந்தது அல்லவா? அதற்கு நைசான உப்புத்தாள் போட்டு இன்னொரு தேய்ப்பு, ஈரத்துணி போட்டு ஒரு துடைப்பு. "என் இடம்டி அது" என்றேன். யார் கேட்கிறார்கள்? அவள் முகம் ஜொலித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் முழுக்க எந்த எண்ணெயைச் சபித்தாளோ, அதையே சுகுமார் அண்ணாவின் உள்ளங்கையில் விரல் விரலாகத் தடவிவிட்டாள். "மெதுவா வைங்க. அழுத்துங்க. விரல விரிச்சு வைங்கண்ணா, எல்லாரும் பாக்கப்போற கை. இனி நான் சொல்றவரிக்கும் எடுக்கக் கூடாது. எண்ண உள்ள எறங்கணும்." அப்புறம் ஸ்டெய்ன், அது காய்ந்ததும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அது சட்டென்று காய்ந்துவிடும், விடிவதற்குள் மேசை பளபளக்கும் என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனாள்.

சுகுமார் அண்ணா மேசை மேல் கையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விறைப்பாக நின்றார். மூக்கின் நுனியில் வேர்த்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூடப் பயம்.

அப்போது அவர் போன் அடித்தது. கடைக்காரர். மேசையை வண்டியில் ஏற்றிவிடலாமா என்று கேட்கிறார், எங்களுக்கே கேட்டது. சுகுமார் அண்ணா சட்டைப் பையிலிருந்து இடது கையால் போனை எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"வாணாம்பா" என்றார். "இல்ல இல்ல, விலை எல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க மேசை வந்துச்சு."

வலது கையை எடுக்க ஜான்சி இன்னும் உத்தரவு தரவில்லை.